வீட்டோடு வராத வீட்டுக்காரர்

அந்த வீட்டில் விளக்கைப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கூடத்து விளக்கின் சுவிட்ச் சமையலறையில் இருந்தது. சமையலறை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்கவும் ஒரு வழி உண்டு, ஆனால் ஏணி வேண்டும். முகம் கழுவும் குழாய் மற்ற குழாய்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும். ஃப்ரிட்ஜ் கதவை சைக்கிள் ட்யூபில் வெட்டிய ஒரு வளையம் இழுத்துப் பிடித்திருந்தது. திறந்துவிட்டு அசந்து நின்றால் கதவு முழங்கையில் ஒன்று வைக்கும். வாஷிங் மெஷின் துணியைப் பிழியத் தொடங்கியதும் மெல்ல நடந்து வாசலுக்குப் போகப் பார்க்கும். அப்போது வீட்டுக்காரம்மா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். வாரப் பத்திரிகைகளை அங்கேதான் படித்து முடிப்பார்.

இதில் எதுவும் பழுதாகிக் கிடந்ததல்ல. எல்லாமே பழுது பார்க்கப்பட்டவை.

பார்த்தவர் வீட்டுக்காரர். பெரிய தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற இன்ஜினியர். அங்கே அவர் வரைந்து காட்டுவார், ஆட்கள் செய்வார்கள். ஓய்வுக்குப் பிறகு வரைவதும் செய்வதும் அவரே என்றாகிவிட்டது. வரைபடங்கள் இப்போதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படிதான் இருந்தன.

அவருக்கு எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. எந்த நட்டுக்கும் பொருந்தும்படி வாயை அகட்டிக்கொள்ளும் ஸ்பேனரை அவர் வீட்டுக்குள் விடமாட்டார். "எல்லாருக்கும் சரின்னு தலையாட்டுற ஆளு மாதிரி. ஒருத்தரையும் கெட்டியாப் பிடிக்காது." சார்ஜ் போட்டு ஓட்டும் டிரில்லைக் கண்டால், "வந்ததும் படுத்துக்கிற விருந்தாளி" என்பார். புது ஃபோனைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு திருகாணிகூட இல்லையே. எதையோ மறைக்கிறாங்க" என்பார். வாரண்டி என்பது, எப்போது கெட்டுப்போகும் என்று செய்தவனே நாள் குறித்துக் கொடுப்பது. இதையெல்லாம் அவர் சொல்லும்போது சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் கரண்ட் பார்க்கவும் திருகாணி முடுக்கவும் ஆகும் ஒரு டெஸ்டர் நிமிர்ந்து நின்று ஆமோதிக்கும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் வெளிநாட்டில், தூரத்து ஊர் ஒன்றில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறந்தது. விடுப்பு முடிந்து அவள் வேலைக்குப் போக வேண்டும். "ரெண்டு பேரும் வந்து ஒரு வருஷம் இருங்கம்மா" என்று ஃபோனில் கேட்டாள். வீட்டுக்காரம்மா அன்றைக்கே பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

இன்ஜினியர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஓடாத மெஷின் துருப்பிடிச்சுடும். ஆள் இல்லாத வீடும் அப்படித்தான். யாராவது குடி வரட்டும், மறுநாளே கிளம்பிடலாம்."

நியாயமாகத்தான் பட்டது. வீடு பார்க்க ஆட்களும் வந்தார்கள். முதலில் வந்தது புதிதாகக் கல்யாணமான ஜோடி. இன்ஜினியர் அவர்களுக்கு மின்சாரம் எப்படி உற்பத்தியாகிறது என்பதில் ஆரம்பித்தார். கூடத்து சுவிட்ச்சுக்கு வந்து சேருவதற்குள் அந்தப் பெண் கணவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அடுத்து வந்தவர் வங்கி அதிகாரி, எதையும் தொட்டுப் பார்க்கிற மனிதர்.

"இந்த சுவிட்ச் எதுக்கு சார்?"

"அதை மட்டும் போட்டுடாதீங்க."

"போட்டா?"

"தெரியல. நான் போட்டதில்ல."

வங்கி அதிகாரி காபியைக் குடிக்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த ஒருவரை வாஷிங் மெஷின்மேல் உட்காரச் சொல்லிப் பயிற்சி கொடுக்கப் பார்த்தார் இன்ஜினியர். அவர் படி இறங்கிய சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஒவ்வொருவர் போனதும் இன்ஜினியர் கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பொறுமை இல்ல" என்பார். முகத்தில் வருத்தம் மட்டும் தேடினாலும் கிடைக்காது. வீட்டுக்காரம்மா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். மனுஷனுக்குக் கிளம்ப மனசில்லை. வாயைத் திறந்து சொல்லவும் மனசில்லை. தனியாக விட்டுவிட்டுப் போகலாம் என்றால், திரும்பி வரும்போது வீட்டில் என்னென்ன மிச்சமிருக்கும் என்று வீட்டுக்காரம்மாவுக்குக் கவலை.

பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பெண் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமையே வீட்டுக்காரம்மா ஒரு எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி வைத்தார். சனிக்கிழமை காலையில் இன்ஜினியர் இரும்புக்கடைக்குப் போவார். போனால் கடைக்காரரோடு வாதாடி முடித்துச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அதற்குள் வீட்டை ஒழுங்காக்கிவிடலாம்.

அன்றைக்குப் பார்த்துக் கடைக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்தது. எதிர்த்துப் பேச ஆளில்லாத வாதம் ருசிக்காமல், போன வேகத்தில் திரும்பி வந்தார் இன்ஜினியர். கூடத்தில் ஸ்டூல்மேல் ஒருவன் நின்று அவருடைய சுவிட்ச் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாயடைத்துப் போயிருந்தான்.

"யாருப்பா நீ?"

"எலக்ட்ரீஷியன் சார். இந்த ஒயரிங் யார் சார் பண்ணது? இவ்ளோ நாள் வீடு எரியாம இருந்ததே பெருசு."

வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். "நான்தாங்க வரச் சொன்னேன். கோவிச்சுக்காதீங்க."

இன்ஜினியர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் பார்வை எலக்ட்ரீஷியன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர்மேல் நின்றது. ஒரே பிடி, மாட்டிக்கொள்ளப் பெட்டி நிறைய முனைகள்.

"இத்தனை தலையா? ராவணனே பத்தோட நிறுத்திக்கிட்டானேப்பா."

"வேலை சீக்கிரம் முடியும் சார்."

"முடியும், முடியும். டெஸ்டராவது ஒழுங்கா வச்சிருக்கியா?" எலக்ட்ரீஷியன் தன்னுடையதை எடுத்துக் காட்ட, இன்ஜினியர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் சட்டைப்பையிலிருந்து உருவிக் கொடுத்தார். "இந்தா, இதைப் பிடி. இதுக்குப் பேரு டெஸ்டர். எதையும் மாத்தக் கூடாது, பார்த்துட்டு எறங்கிடு. இந்த வீட்டுல எல்லாம் வேலை செய்யுது. ஹீட்டர் வேலை செய்யலைன்னு சொல்லுவியா? வா, போட்டுக் காட்டறேன்."

குளியலறைக்குள் புகுந்து, ரோஷத்தில் கதவை அறைந்து சாத்தினார். அந்தத் தாழ்ப்பாளை அவர்தான் போன மாதம் சரிசெய்திருந்தார், பழைய குடையின் ஸ்பிரிங்கை வைத்து. உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம். பிறகு மீண்டும் அவர் குரல், கொஞ்சம் இறங்கி.

"ஏம்மா..."

"என்னங்க?"

"கைப்பிடி கையோட வந்துடுச்சு. அந்த டெஸ்டரைக் கதவுக்கு அடியில தள்ளச் சொல்லு."

எலக்ட்ரீஷியன் டெஸ்டரோடு குனிந்தான். வீட்டுக்காரம்மா அவன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தி, வாயில் விரலை வைத்தார். பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார்:

"அடியில சந்தே இல்லைங்க. ஈரம் வரக் கூடாதுன்னு நீங்கதான் ரப்பர் ஒட்டிட்டீங்களே."

உண்மைதான். இன்ஜினியர் அந்த ரப்பரைத் தடவிப் பார்க்கும் ஓசை கேட்டது. "நல்லாத்தான் ஒட்டியிருக்கேன்" என்றார், தன்னையறியாமல்.

"தம்பி, நீ சுவிட்ச்சை முதல்ல முடி. கதவைக் கடைசியாப் பார்த்துக்கலாம்."

"பாவம்மா, உள்ள சார்..."

"உள்ள தண்ணி இருக்கு, காத்து இருக்கு, உக்கார இடமும் இருக்கு. நீ வேலையைப் பாரு."

எலக்ட்ரீஷியன் வேலையைப் பார்த்தான். கதவுக்குப் பின்னாலிருந்து இன்ஜினியர் அதை மேற்பார்வை செய்தார்.

"என்ன சத்தம் அது? எதைக் கழட்டறான்?"

"கூடத்து சுவிட்ச்சுங்க."

"சரி, போகட்டும். காலிங்பெல்லைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

"பெல் அடிச்சா மிக்ஸி ஓடுதுங்க. போன வாரம் தபால்காரர் வந்தப்போ என் விரல் தப்பினதே பெரிய விஷயம்."

"...பெல்லையும் மாத்தட்டும். ஆனா அந்தத் தடி ஒயரு வேண்டாம், நான் போட்ட மெல்லிசு ஒயரே இருக்கட்டும்..."

"அது செத்துப் போயிடுச்சு சார்!" என்று கத்தினான் எலக்ட்ரீஷியன். "எலி கடிச்சு எப்பவோ அறுந்திருக்கு!"

"அப்புறம் எப்படிப்பா இத்தனை நாள் அதுல கரண்ட்டு ஓடுச்சு?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன்!"

ஒவ்வொரு பொருளாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார் இன்ஜினியர். குழாய் வரைக்கும் பேச்சு வந்திருந்தபோது பெல் அடித்தது. மிக்ஸி ஓடவில்லை. வீட்டுக்காரம்மா அந்த நிசப்தத்தை அனுபவித்தபடி போய்க் கதவைத் திறந்தார்.

பேக்கரிப் பெண் நின்றிருந்தாள். நேரே வேலையிலிருந்து வந்திருக்கிறாள், புருவத்தில்கூட மாவு. கூடத்தைப் பார்த்தாள். சுவிட்ச்சைப் போட்டாள், விளக்கு எரிந்தது. நிறுத்தினாள், அணைந்தது. தலையாட்டிக்கொண்டாள்.

"யாரு வந்திருக்கா?" என்றது குளியலறை.

பேக்கரிப் பெண் திடுக்கிட்டாள். "உள்ள யாரு ஆன்ட்டி?"

"வீட்டுக்காரர்மா."

"அவரும் வீட்டோட வர்றாரா?"

"இல்லம்மா, இல்ல. அவரை நாங்க எடுத்துட்டுப் போயிடுவோம்."

"அம்மா, நீ புதுசா வந்த பொண்ணு" என்று தொடங்கினார் இன்ஜினியர் உள்ளேயிருந்து. "உன்கிட்ட ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்த வாஷிங் மெஷின்..."

வீட்டுக்காரம்மா உள்ளங்கையால் கதவில் ஓங்கி அடித்தார். எலக்ட்ரீஷியன் ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தான்.

"போதும்ங்க! வந்தவங்களை எல்லாம் விரட்டினீங்க. பார்த்துட்டுத்தானே இருந்தேன்? வீட்டைப் பூட்டிட்டுப் போவோம்னாலும் கேக்கல, குடி வைப்போம்னாலும் விடல. அங்க அவ ஒத்தையில தவிக்கிறா. எனக்கு அந்தக் குழந்தையை மடியில போட்டுக்கணும்னு கை ரெண்டும் பரபரங்குது. உங்களுக்கு என்னதான் வேணும்?"

பேக்கரிப் பெண் சுவரில் எதையோ மிகுந்த அக்கறையோடு பார்த்தாள். உள்ளே குழாய் சொட்டும் சத்தம்.

"அங்க போய் நான் என்ன பண்றது?" என்றது கடைசியில் குரல். அதில் தொழிற்சாலைத் தலைவர் யாரும் இல்லை. "அவ வீட்டுல எல்லாமே புதுசு. போன தடவை போனேன்ல, ஒரு கதவுகூடக் கிறீச்சுங்கல. சும்மா சோபாவுல உக்காந்திருந்தேன். மாப்பிள்ளை வந்து வந்து, 'மாமா, ஏதாவது வேணுமா, ஏதாவது வேணுமா'ங்கிறாரு. ஆஸ்பத்திரில படுத்திருக்கிறவனைக் கேக்கிற மாதிரி."

வீட்டுக்காரம்மா ஸ்டூலை எலக்ட்ரீஷியனிடமிருந்து வாங்கிக் கதவோரம் போட்டு உட்கார்ந்தார். கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

"எல்லாம் புதுசுதாங்க" என்றார் மெதுவாக. "குழந்தையும் புதுசுதான். ஆனா சாயந்தரமானா கத்த ஆரம்பிச்சுடுதாம். பால் குடுத்தாச்சு, துணி மாத்தியாச்சு, தோள்ல போட்டுத் தட்டியாச்சு. நிக்கவே மாட்டேங்குதாம். ஏன்னு ஒருத்தருக்கும் புரியலையாம்."

உள்ளே சொட்டிக்கொண்டிருந்த குழாய் இறுக்கி மூடப்பட்டது.

"என்ன மாதிரி சத்தம்?"

"அழுகைதாங்க."

"அது தெரியுது. ஒரே சீரா வருதா, விட்டு விட்டு வருதா?"

"விட்டு விட்டுத்தான் போல."

"விடறப்போ உடம்பை முறுக்குதா?"

"காலை மடக்கி மடக்கி உதைக்குதுன்னா."

"உம்" என்றார் இன்ஜினியர். நீளமான 'உம்'. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் கேட்டிருந்தால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார்கள்.

பேக்கரிப் பெண் தொண்டையைக் கனைத்தாள். "அங்கிள், எனக்கு வீடு பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏதாவது ரிப்பேர்னா உங்களைத்தான் கூப்பிடணுமா?"

வீட்டுக்காரம்மா மூச்சை நிறுத்திக்கொண்டார். எலக்ட்ரீஷியனும்தான்.

"முடியாதும்மா" என்றார் இன்ஜினியர், பிகு செய்துகொள்ளும் தோரணையில். "எனக்கு வெளியூர்ல வேலை வந்திருக்கு. நீ அந்தத் தம்பியையே கூப்பிட்டுக்கோ. சுமாராப் பண்ணுவான்."

எலக்ட்ரீஷியன் கதவைக் கீலோடு கழற்றி எடுத்துச் சுவரில் சாய்த்தான். இன்ஜினியர் வெளியே வந்தார். புது சுவிட்ச்சுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக மனைவியிடம் போய்க் கையை நீட்டினார்.

"ஃபோனைக் குடு. அவளைக் கூப்பிட்டு, குழந்தை பக்கத்துல வைக்கச் சொல்லு."

இங்கே மதியமானால் அந்த ஊரில் சாயந்தரம். ஃபோனிலிருந்து ஒரு சின்னத் தொண்டையின் பெரிய அலறல் கூடம் முழுவதும் நிறைந்தது. இன்ஜினியர் ஃபோனைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடி, மறு கையை உயர்த்தினார். அசையக் கூடாது என்று அர்த்தம். பேக்கரிப் பெண் கைப்பையை அணைத்தபடி நின்றாள். எலக்ட்ரீஷியன் திருகாணியை வாயில் கவ்வியபடி நின்றான். ஒரு பெரிய இயந்திரத்தின்மேல் காதை வைத்திருப்பவரைப் போல இன்ஜினியர் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். அலறல் நின்றது, திணறியது, மறுபடி ஏறியது.

"நினைச்சேன்" என்றார் கண்ணைத் திறந்து. "லைன்ல காத்து."

"என்னங்க?"

"பால் போற வழியில காத்து புகுந்து அடைச்சுக்குது. பாட்டில் பிடிக்கிற கோணம் தப்பா இருக்கணும், இல்ல வேற எதாவதா இருக்கணும். நேர்ல பார்க்காம எதையும் சொல்ல முடியாது." ஃபோனில் மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஃபோனை நோக்கிக் குனிந்து, "நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் மாத்த வேண்டாம்" என்று உத்தரவு போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, எதுக்கு நின்னுக்கிட்டிருக்கே? அந்தப் பொண்ணுகிட்ட சாவியைக் குடு. பெட்டி எங்க?"