ரொபின்சனின் நெஞ்சில் அடித்த மணி

2024 தை மாதம் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியளவில், மன்னார் நகரத்து விசா ஏஜென்ட் ரொபின்சனின் நெஞ்சுக்குள் தொலைபேசி மணி அடித்தது. அவனுடைய கைத்தொலைபேசி அப்போது மேசை இலாச்சிக்குள் அணைத்துக் கிடந்தது. முன்னால் கதிரைகளில் இருந்த இரண்டு பேருக்கும் சத்தம் அவன் சட்டைப் பொத்தான்களுக்குப் பின்னாலிருந்து வருவது தெளிவாகக் கேட்டது. முப்பது தடவை அடித்து ஓய்ந்து, திரும்பவும் அடித்தது. அவன் இருமிப் பார்த்தான், தண்ணீர் குடித்துப் பார்த்தான். பின்னேரம் ஒரு டாக்டரிடம் போனான். அவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இதயத் துடிப்பு சீர், தொலைபேசி மணியும் சீர் என்று துண்டில் எழுதி, நெஞ்செரிவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

அழைத்தவள் தோட்டவெளிப் பெற்றிசியா. தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் பிறந்து, திருச்சியில் ஆய்வுகூடப் பட்டம் படித்து, இருபத்தைந்தாவது வயதில் தாய் தகப்பனோடு ஊர் திரும்பியவள். முதல் இரண்டு வருடமும் தான் இந்த நாட்டுக்காரி என்பதை நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக அலைந்தாள். பிறகு நகரத்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை கிடைத்தது. நாலு வருடம் முடிந்தபோது, அவுஸ்திரேலியாவுக்குத் தொழில் விசா எடுக்கலாம் என்று அறிந்து ரொபின்சனிடம் போனாள். ஐந்து வருட அனுபவம் இருந்தால்தான் விசாவுக்குரிய புள்ளிகள் போதும், முப்பத்துமூன்று வயதானால் வயதுப் புள்ளி குறையும் என்று அவன் கணக்குக் காட்டினான். அப்படியென்றால் இன்னொரு வருடம் பொறுக்கிறேன், முப்பத்துமூன்று வயது ஆகுமுன் போட்டால் சரிதானே என்றாள் அவள். அவனும் ஓம் என்றான். அவள் பெயரில் ஒரு ஈமெயில் திறந்து, அதன் பாஸ்வேர்ட்டைத் தானே வைத்துக்கொண்டான். "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ பிள்ளை, எல்லாம் நான் பாக்கிறன்" என்று சொன்னான். அதற்குப் பிறகு அவள் எடுத்த எந்த அழைப்புக்கும் அவன் பதில் சொல்லவில்லை. பதினைந்து மாதம் அவள் விடாமல் அழைத்தாள். வழியில் கண்டால், வேலை நடக்குது என்று மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு போவான்.

கொண்டச்சியைச் சேர்ந்த நஸார் என்ற வெல்டிங்காரனும் ரொபின்சனிடம் கோப்புக் கொடுத்தவன். அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் ஆய்வுகூடத்துக்கு வந்து, "மிஸ், அந்த ஆள் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான் வச்சிருக்கிறான். கொம்பியூட்டரில அடிக்கேக்க நான் பாத்திட்டன். உங்கடையும் திறந்து பாருங்கோ" என்றான். அவள் அந்த இடத்திலேயே திறந்தாள். அவளைக் கேட்காமல் ஒரு வருடத்துக்கு முன்பே விண்ணப்பம் போயிருந்தது. அதில் அவள் கொழும்பில் இரண்டு வருடம் வேலை செய்ததாக ஒரு கடிதம். அப்படியொரு ஆய்வுகூடம் கொழும்பில் எங்குமே இல்லை. அவள் கந்தோர் வாசல்களில் நின்ற அதே இரண்டு வருடத்தைத்தான் அவன் எடுத்து அந்தப் பொய்க்குள் நிரப்பியிருந்தான். அடியில் அவளுடைய கையெழுத்து, அவள் போடாதது. கடிதம் பற்றி விளக்கம் கேட்டு இருபத்தெட்டு நாள் தவணை கொடுத்திருந்தார்கள். யாரும் பதில் எழுதவில்லை. பிறகு 2023 பங்குனியில் வந்த முடிவு: பொய்யான தகவல் தந்த காரணத்தால் விண்ணப்பம் நிராகரிப்பு, மூன்று வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கத் தடை.

பெற்றிசியா அழவில்லை. கைகளிரண்டும் சூடேறி, பிடித்திருந்த கண்ணாடிக் குழாய் வெடித்தது. மற்றக் கையால் தொலைபேசியை எடுத்து ரொபின்சனை அழைத்தாள். அந்த அழைப்புத்தான் அவன் நெஞ்சுக்குள் போய் அடித்தது.

அன்றிலிருந்து நஸாரின் அழைப்பும், மற்றக் கோப்புக்காரர்களின் அழைப்பும் அங்கேயே போய் அடித்தன. ரொபின்சன் சிம்மை வெட்டினான், தொலைபேசியைக் கடலில் எறிந்தான். மணி நிற்கவில்லை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் மனைவியின் உறவினருடைய வயல் குடிலில் போய் ஒளித்தான். ஒவ்வொரு அழைப்புக்கும் குளத்துக் கொக்குகள் மொத்தமாய் எழும்பிப் பறந்ததில், அவன் எங்கே இருக்கிறான் என்று இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வீடு திரும்பினான். அவன் மனைவி கிருஷாந்தினி ஏழு நாள் நித்திரையில்லாமல் கிடந்துவிட்டு, "இஞ்சருங்கோ, எடுத்துக் கதையுங்கோவன். கதைச்சால் நிக்கும்தானே" என்றாள்.

அவன் வாயைத் திறந்து ஹலோ என்றான். அதே வாயிலிருந்து பெற்றிசியாவின் குரல் வந்தது.

"சேர், அந்தக் கடிதத்தை எழுதினது ஆர்?"

"பிள்ளை, நான் இப்ப ஒரு மீட்டிங்கில…"

மணி முன்னையிலும் பலமாக அடித்தது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"கொழும்பில இருக்கிற ஒருத்தன்தான்…"

இன்னும் பலமாக அடித்தது. ரொபின்சன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தான்.

"நான்தான் எழுதினனான். கையெழுத்தும் நான்தான் போட்டனான். ஃபைலைக் கெதியா முடிக்கவேணும் எண்டு செய்தனான்."

மணி நின்றது. இப்படியாக, உண்மையைச் சொன்னால் மட்டுமே அழைப்பு முடியும் என்பது கிருஷாந்தினிக்குத் தெரியவந்தது. அவள் மூலம் தெருவுக்கும் தெரியவந்தது.

பெற்றிசியா காலம் கடத்தவில்லை. நஸாரையும் கூட்டிக்கொண்டு போய், ரொபின்சனை வீட்டிலிருந்து நேரே சமாதான நீதவான் ஒருவரிடம் கொண்டுபோனாள். மற்றக் கோப்புக்காரர்கள் வாசலில் வரிசையாய் நின்று ஒவ்வொருவராக அழைத்தார்கள். அவன் உள்ளே இருந்து ஒவ்வொருவருக்கும் செய்ததைச் சொன்னான். சமாதான நீதவான் மூன்று நாளில் முப்பத்தொரு சத்தியக் கடதாசி எழுதினார். அவற்றை அவுஸ்திரேலிய விசாக் கந்தோருக்கு அனுப்பினார்கள். நஸாரின் விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராததால் பொய்க் கடிதத்தைத் திரும்ப எடுத்து, இருந்ததை இருந்தபடி எழுத முடிந்தது. அடுத்த வருடம் அவன் பிள்ளைகளோடு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். பெற்றிசியாவுக்கு மட்டும் வேறு பதில் வந்தது. தன் பெயரில் போகும் பத்திரங்களுக்கு விண்ணப்பதாரியே பொறுப்பு, தடை நீங்காது என்று எழுதியிருந்தார்கள். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். தடை முடியும்போது வயதுக்குரிய புள்ளிகள் குறைந்துவிட்டிருக்கும்.

ரொபின்சன் ஒருநாள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். பொலிஸ் வழக்கு நடந்துகொண்டிருந்தது, கந்தோர் பூட்டப்பட்டிருந்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை. நான் எல்லாத்தையும் ஒப்புக்கொண்டிட்டன்தானே" என்றான்.

"ஒப்புக்கொண்டால் என்ர வயசு திரும்பி வருமோ?" என்று கேட்டாள். "பொய் சொல்லிப் போற ஆள் எண்டு என்ர பேர் அங்க எழுதிக் கிடக்குது. இஞ்ச நாட்டுக்காரி இல்லை எண்டினம், அங்க கள்ளி எண்டினம். நான் மன்னிக்கமாட்டன். போங்கோ."

அந்தக் கோபம் இன்றுவரை தணியவில்லை. அவள் அதைத் தணிக்க முயலவுமில்லை. தடை முடிகிற நாளில் தானே எழுதி, தானே அனுப்பவென்று விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறாள். குறையும் புள்ளிகளுக்காக ஆங்கிலப் பரீட்சையை மறுபடி எடுத்து, முன்பைவிடக் கூடிய தரத்தில் சித்தியடைந்திருக்கிறாள். நகரம் மணிக்குப் பழகிவிட்டது. வங்கி வரிசையில் ரொபின்சனின் நெஞ்சு அடித்தால் முன்னால் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. பஸ்ஸில் அவனுக்குப் பின் இருக்கை ஒதுக்குகிறார்கள். சந்தை வழியில் அவன் நின்று இன்னொருவரின் குரலோடு பேசி, செய்ததைச் சொல்லி முடிக்கும்வரை சைக்கிள்கள் விலகிப் போகின்றன.

போன ஆவணியில் அவன் சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்க ஆய்வுகூடத்துக்கு வந்தான். அன்று வேலையில் பெற்றிசியா மட்டும்தான் இருந்தாள். அவன் கையை நீட்டினான். அவள் கட்டுப் பட்டியை இறுக்கி நரம்பைத் தேடும்போது அவன் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அவளுடைய தொலைபேசி மேசையில் கிடந்தது. அழைத்தது வேறு யாரோ.

"அசையாதேங்கோ" என்றாள். ஊசி முதல் தரமே சரியாக இறங்கியது. குழாயில் அவன் பெயரையும் திகதியையும் எழுதினாள். "இனி எடுத்துக் கதையுங்கோ சேர். ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்."