பேசாத புருஷன்

இந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாய்தான் மூலதனம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மணிக்கணக்கில் பேசுவார். உள்ளே இருப்பவர்களுக்குப் பயமே மறந்துபோகும். அப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்த்து, பேசாத புருஷன் என்று நாலு பேர் சொன்னால் எரிச்சல் வருமா வராதா?

எல்லாம் மனைவியின் கவிதைப் புத்தகத்தால் வந்த வினை. அதில் ஒரு புருஷன் வருகிறான். பெண்டாட்டியிடம் பேச்சே கிடையாது. வருவதும் போவதும் யாருக்கும் தெரியக் கூடாதென்று வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் விடுகிறான். ஏதாவது கேட்டால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறான். கற்பனை ஆள்தான், ஆனால் படித்தவர்கள் எல்லோரும் அவனை நேரில் பார்த்ததாகவே நம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் மெக்கானிக்கைக் கண்டால் பெருமூச்சு விட்டார். கூடப்பிறந்த அக்காவே போனில், பெண்டாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசினால் முத்தா உதிர்ந்துவிடும் என்று கேட்டாள்.

கடைசியில் மச்சானும் கிளம்பிவிட்டார். மனைவியின் அண்ணன். ஞாயிறு காலை வருகிறேன், தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். லிஃப்டைச் சோதிக்கும் படிவம் ஒன்றை எடுத்து, கவிதையில் வரும் புருஷனின் பழக்கங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பொருந்தவில்லை' என்று போட்டார். ஞாயிறு விடிந்ததும் மனைவியை நிறுத்தி வைத்து உரக்க வாசித்தார். அவள் இரண்டு முறை வாயைத் திறக்கப் பார்த்தாள், இவர் விட்டால்தானே.

"பாத்திரம் கழுவறது. நான் என்னைக்காவது பாத்திரத்தைத் தொட்டிருக்கேனா? பொருந்தல. கீலுக்கு எண்ணெய். அதுவும் பொருந்தல."

நிரூபிக்கிறேன் பார் என்று வாசல் கதவை இழுத்து ஆட்டினார். சத்தமே இல்லை. மூன்று மாடிக்கு மேலே தேய்கிற சக்கரத்தைக் காதால் கண்டுபிடிப்பவர், சொந்த வீட்டுக் கதவு எப்போது வாயடைத்தது என்று தெரியாமல் நின்றார்.

"இதுக்கு யார் எண்ணெய் விட்டது?"

"நான்தான். அந்த ஆளும் நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை.

"பேசாம இருக்கறதைப் பத்தி எழுதணும்னு தோணிச்சு. பொம்பளையா எழுதினா, அடக்கமானவள்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஆம்பளையா எழுதினாத்தான் ஏன் பேசலன்னு கேப்பாங்க. கேட்டாங்க. ஆனா உங்களைக் கேட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் போய்க் குழாயைத் திறந்தாள். இவருக்குப் பதில் பொத்துக்கொண்டு வந்தது. உன்னைப் பேச வேண்டாம்னு நான் என்னைக்குச் சொன்னேன் என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நின்றுபோன லிஃப்டின் முன்னால் அவர் எடுத்த எடுப்பில் பேசுவதில்லை. கதவைத் தட்டி, உள்ளே யார் என்று கேட்டுவிட்டு, காதை வைத்துக் காத்திருப்பார். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். வீட்டில் அந்த முதல் வேலையை இத்தனை வருஷமும் செய்யவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது மச்சான் வந்து நின்றார். "ஏன் மாப்பிள்ள, இவகிட்ட பேசவே மாட்டீங்களாமே?"

கையில் படிவம் இருந்தது. மெக்கானிக் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சமையலறைக்குப் போய்க் குழாயை மூடினார். "நீ சொல்லு," என்றார்.

அவள் வாய் திறக்க வெகுநேரம் ஆனது. நடுவில் நாலைந்து தடவை அவருக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, நீ கூடத்துல உக்காரு," என்றாள் அவள். "நான் முதல்ல இவர்கிட்ட பேசணும்."