இறங்கிய நீர்

தாமோத்தா மலையின் தோள்களில் இரவெல்லாம் படுத்துக் கிடந்த வெண்பனி, கீழைக் கதிர் சுடத் தொடங்கியதும் ஆடை நழுவினாற்போல மெல்ல நழுவ, அடிவாரத்தில் அகன்ற இலை விரித்து நின்ற என்செத்து வாழைத் தோப்புகள் துளி சொட்டிப் பசுமை மின்ன, அவற்றினிடையே கூம்பிய புல்வீடுகள் புகை கசிய, கீறிய புண்போலச் சிவந்து கிடந்த வழிகள் வெறுங்கால்களால் மிதிபட்டு மிதிபட்டுக் குழைந்துகொண்டிருந்த, மாரியின் கடைசிக் காலைகளுள் ஒன்று அது. அம்மண்ணே அவ்வூராரை ஊட்டியது. அம்மண்ணே அவருட் சிலருடைய கால்களுக்குள் நுண்பொடியாய்ப் புகுந்து, ஆண்டுக்கணக்காய் உள்ளிருந்து அரித்து, அடிமரம்போலப் பருக்கவும் செய்தது.

அங்ஙனம் பருத்த இடக்காலை இழுத்தபடி மருத்துவக் கொட்டிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார், மண் வெட்டியும் விறகு சுமந்தும் முதுகு வளைந்த போர்சாமோ. குருதிவழி வரும் நோய் என்று ஊர் சொல்லிற்று. அந்நோயுள்ள வீட்டில் பெண் எடுப்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. ஆயினும் அவருடைய ஒரே மகள் தாதெலெச்சை, ஓடைக்கு அப்பால் வாழும் ஓலாங்கோவின் மகன் விரும்பினான். ஓலாங்கோ மறுக்கவுமில்லை, இசையவுமில்லை. இது மண்ணால் வருவது, கழுவித் துணி கட்டி மூடுகாலணி இட்டால் வற்றும் என்று கொட்டிலின் பணியாளன் லச்சோரே அங்காடியில் உரக்கச் சொன்னதை அவர் கேட்டிருந்தார்.

"மண்ணால வந்ததுன்னா கழுவக் கழுவ இறங்கும். ரத்தத்துல இருந்தா எப்படிய்யா இறங்கும்? மூணாவது தடவை கால் அளக்கறப்போ நானே வர்றேன். என் கண்ணால பார்க்கணும்" என்று ஓலாங்கோ போர்சாமோவிடம் சொல்லிப் போயிருந்தார்.

மேடும் பள்ளமும் முடிச்சுமாய்த் திரண்ட காலை எந்தக் கயிறு அளக்கும், எந்தக் கோல் அளக்கும்? ஆகவே லச்சோரே நீரால் அளந்தான். பக்கத்தில் மூக்கு வைத்த நெடிய தகரப் பெட்டியில் மூக்கின் விளிம்புவரை நீர் நிறைத்து, அதனுள் காலை முழங்காலுக்குக் கீழ்வரை இறக்கச் சொல்வான். கால் உள்ளே எவ்வளவு இடம் கொண்டதோ அவ்வளவு நீர் மூக்கின் வழியே வழியும். அதனைக் கோடிட்ட கண்ணாடிக் கலத்தில் ஏந்தி, எத்தனை கோடு என்று எழுதிக்கொள்வான். இதனை அவன் நூறு பேருக்கு நூறு முறை சொல்லியிருப்பான். ஆனால் போர்சாமோவின் செவியில் தங்கியது முதல்நாள் அவன் சொன்ன ஒரே சொல்தான்: "நீர் இறங்கணும்ணே. இறங்கிட்டா எல்லாம் சரியாயிடும்."

நீர் இறங்கத்தானே செய்தது! பெட்டியின் மூக்கிலிருந்து கலத்துக்குள் சலசலவென்று இறங்கியதே! தம் காலிலிருந்த நோயே நீராய் ஒழுகுகிறதென்று அவர் நம்பினார். முதல் திங்கள் இருபத்தாறு கோடு. இரண்டாந் திங்கள், நாள்தோறும் கழுவிக் கட்டிய பின்னர், இருபத்துமூன்று.

"அண்ணே, பிரமாதம்!" என்று லச்சோரே தோளைத் தட்டினான்.

வரிசையில் காத்திருந்த மசேச்சே, தன் வீங்கிய காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிரித்தாள். "உன் காலை இறக்கினா ஊருக்குக் குடிதண்ணியே கிடைக்கும் போலிருக்கே! இந்தத் தடவை என்ன, கஞ்சத்தனம் பண்ணிட்டே?"

அந்தக் கேலி அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மூன்று கோடு குறைந்துவிட்டது. நோய் வெளியேற மறுக்கிறது. பணியாளன் ஆறுதலுக்காகச் சிரிக்கிறான்! கழுவிக் கட்டியதால்தான் நீர் உள்ளேயே அடைபட்டது என்று தமக்குத்தாமே முடிவு கட்டி, மூன்றாம் அளவைக்கு ஏழு நாள் முன்பாகவே கட்டை அவிழ்த்தெறிந்து, மூடுகாலணியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி விறகு சுமக்கலானார்.

"ஷூ எங்கப்பா?" என்றாள் தாதெலெச்.

"தேஞ்சு போகும்மா. உன் கல்யாணத்துக்குப் போட்டுக்கிறேன்."

கால் கனன்றது, காய்ச்சல் கண்டது, வலி பல்லைக் கடிக்க வைத்தது. நிறையட்டும், எல்லாம் நிறையட்டும் என்று பொறுத்துக்கொண்டார்.

வழியும் நீரே நோயென்று போர்சாமோ சொல்லக் கேட்டு நம்பி, இன்று ஓலாங்கோவும் வந்திருந்தார். அவர் தோளில் வெண்ணெய்ச் சுரைக்குடுவை ஒன்று தொங்கியது. இசைந்தால் அதனைப் பெண்ணைப் பெற்றவர் கையில் வைப்பது அவ்வூர் வழக்கம். போர்சாமோ காலை இறக்கினார். நீர் பெருகிற்று, வழிந்துகொண்டேயிருந்தது. லச்சோரே கலத்தைத் தூக்கிப் பார்த்து, குரல் தாழ்ந்து, "முப்பது" என்றான்.

"முப்பதா! அடேயப்பா, அத்தனை நோயும் வெளிய வந்துருச்சா!" ஓலாங்கோ குடுவையைக் கழற்றிப் போர்சாமோவின் கையில் வைத்தார். "இனி சம்பந்தின்னே கூப்பிடுறேன்." அந்த நற்செய்தியை வெளியே இருந்தவர்க்கு உரைக்கப் போனார்.

லச்சோரே அருகில் வந்து குனிந்தான். "என்னண்ணே பண்ணித் தொலைச்சே? ஏழு கோடு ஏறிக் கிடக்கு!"

"ஏறினா நல்லதுதானே தம்பி?"

அவன் கதவுக்கு அணைகொடுத்திருந்த கரடுமுரடான கல்லை எடுத்து, பெட்டியில் மீண்டும் விளிம்புவரை நீர் நிறைத்து, அதனுள் மெல்ல இறக்கினான். மூக்கின் வழியே நீர் அதே ஓசையோடு இறங்கியது.

"இந்தக் கல்லுக்கு என்ன நோய்ண்ணே?"

வழிந்தது நோயல்ல, காலின் பருமன்தான் என்று போர்சாமோவுக்கு உறைத்தது. கையிலிருந்த குடுவை கல்லினும் கனத்தது. வாய் திறவாதிருந்தால் மகளுக்கு வீடு. திறந்தால் இரு வீட்டுக்கும் நடுவே வெறும் ஓடை. வாயிலில் ஓலாங்கோவின் சிரிப்பொலி கேட்டது.

"ஓலாங்கோ! இங்க வாங்க."

கல்லை நீரில் இறக்கிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார், ஒளித்த காலணியையும் சொன்னார். "கழுவினப்போ மூணு கோடு இறங்கிச்சு. நான் மண்ணுல நடந்தேன், ஏழு ஏறிடுச்சு. நான் முட்டாள்தான், ஆனா என் ரத்தம் கெட்டதில்ல. இதுக்குமேல உங்க இஷ்டம்." குடுவையைத் தாமே நீட்டினார்.

"கல்லைக் காட்டி என்னைக் குழப்புறீங்களா ரெண்டு பேரும்?" என்ற ஓலாங்கோ, அதனை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு விடுவிடுவென நடந்தார்.

போகட்டும் என்று நிமிர்ந்து பார்த்த போர்சாமோ, அவர் வேலிப்படலருகே நின்றுவிட்டதைக் கண்டார். ஓலாங்கோ குனிந்து தம் கால்களை நோக்கினார். கணுக்கால் வரை செம்மண் அப்பியிருந்தது. பிறந்தநாள் தொட்டு அவ்வாறே இருந்த கால்கள் அவை. சுள்ளி ஒன்றைப் பொறுக்கி, படலைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை உயர்த்தி, விரலிடுக்குகளில் ஒட்டிய மண்ணை ஒவ்வொன்றாய் வழிக்கத் தொடங்கினார். பின்னர் மற்றக் காலை.

வழியை விட்டிறங்கிப் புல்லின்மேல் மெல்ல நடந்து அவர் மறைந்தபின், போர்சாமோ கழுவுகலத்தைத் தம்மருகே இழுத்து, கனலும் காலை அதனுள் வைத்தார். எவ்வடிவம் உடையதாயினும் ஒரு பொருள் தன் இடத்தை நீரிடம் மறைக்க இயலாது. மனிதன் நெஞ்சில் ஓர் ஐயம் கொண்ட இடத்தை அளக்கத்தான் கலம் ஏதுமில்லை.