மாத்திரையை நிறுத்திய ஏழு வாரங்கள்

கண்ணாடிக்காரர் இறந்துபோய் நான்கு வருடம் ஆகிறது. அவர் மனைவிக்கு இன்றும் நெஞ்சில் முள்ளாய் நிற்பது, என்றோ தன் வாயால் அவரிடம் சொன்ன ஒரு பேச்சு.

அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. கடையின் முன்னறையில் அவர் கண் பரிசோதிப்பார். பின்னறையில் அவள் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி இழைப்பாள். வீடு கடைக்கு மேல்மாடி. பெரிதாகச் சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் ஒன்றரை வருடமாக அவர் கை மேலே பட்டால், பஸ்ஸில் யாரோ தெரியாமல் இடித்ததுபோல இருந்தது. கோபமில்லை, அருவருப்பில்லை, ஒன்றுமே இல்லை. சில நாள் அவருக்காகச் சம்மதித்தாள். சில நாள் தூங்குவதுபோல நடித்தாள். அவர் மேல் இருந்த அன்பு தீர்ந்துவிட்டது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் கீழே விளையாடிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டாள். "ஏங்க, எனக்கு உங்க மேல ஆசை விட்டுப்போச்சு. நாம சேந்து இருக்கணுமான்னே தெரியல."

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்கும் அதே குரலில், "எப்பலேருந்து?" என்றார்.

"ஒண்ணரை வருஷமா."

"அப்ப புதுசா என்ன வந்துச்சு?"

"சின்னவன்."

"சின்னவனுக்கு ரெண்டு வயசு தாண்டியாச்சு. அவனுக்கு அப்புறம்?"

யோசித்தாள். இரண்டு பிள்ளைகள் போதும் என்று கருத்தடை மாத்திரை ஆரம்பித்தது அப்போதுதான்.

மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவிடமே போய்க் கேட்டாள். அவர் பூசி மெழுகவில்லை. "இது ஹார்மோன் மாத்திரை. சிலருக்கு ஆசை குறையும், சிலருக்குக் கூடும், நிறையப் பேருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உனக்கு இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு சின்னப் பிள்ளைங்க, கடை வேலை... களைப்பாவும் இருக்கலாம். மூணு மாசம் நிறுத்திப் பாரு. அதுவரைக்கும் அவர் உறை போட்டுக்கட்டும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"தலைவலி இருக்கா, வாந்தி வருதான்னு கேட்டேன். இதை நானும் கேக்கல, நீயும் வாயத் திறக்கல."

அன்றைக்கு ஆரம்பித்தது கூத்து. கண் பரிசோதனையில் கண்ணாடிக்காரருக்கு ஒரே சட்டம்: ஒரு நேரத்தில் ஒரு லென்ஸைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் தெளிந்தது என்று தெரியாது. அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். படுக்கையறைக்கு வேறு வண்ணம் அடிக்கலாமா என்றால், "மூணு மாசம் போகட்டும்." அவர் அம்மா வந்து, பிள்ளைகளைப் பத்து நாள் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "வேண்டாம்மா. இவளுக்கு நல்லாத் தூக்கம் கிடைச்சிரும். அப்புறம் தூக்கத்தாலயா வேற எதாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"என்னத்தடா கண்டுபிடிக்கப் போற? பொண்டாட்டி தூங்கினா உனக்குப் பொறுக்காதா?" என்று மாமியார் பொரிந்து தள்ளிவிட்டுப் போனார்.

இவ்வளவு கறாராக இருந்தவர் ஒன்றை மட்டும் மாற்றினார். அவளைத் தொடுவதையே விட்டுவிட்டார். காபி தம்ளரைக்கூடக் கையில் தராமல் மேசையில் வைத்தார். முதலில் அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. ஐந்தாவது வாரம் லேசாகக் குத்தியது.

ஏழாவது வாரம், பிள்ளைகள் பள்ளியிலும் காப்பகத்திலும் இருந்த ஒரு மதியம், மேல்தட்டிலிருந்த ஃபிரேம் பெட்டியை எடுக்க அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டினார். சட்டையைச் சுருட்டிவிட்டிருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓடிய நரம்பை அவள் அண்ணாந்து பார்த்தாள். வயிற்றுக்குள் ஏதோ சூடாக இறங்கியது. இழைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

சூடு பட்டவர்போல இழுத்துக்கொண்டார். "இன்னும் அஞ்சு வாரம் இருக்கு."

"நான் என்ன, கண்ணாடி போட்டுக்க வந்தவளா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

"வேண்டாம்னு யாரு சொன்னா?"

"பின்ன என்னவாம்?"

பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார். "இப்பவே பாத்து, ஒண்ணும் மாறலன்னு ஆயிட்டா? மாத்திரை காரணம் இல்லைன்னா... மிச்சம் நான்தானே இருக்கேன்."

அவள் சொன்னதை ஏழு வாரமாக அந்த மனிதர் இப்படித்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

மாத்திரையை நிறுத்தியதாலா, அவர் தள்ளி நின்றதாலா, சின்னவன் ராத்திரியில் எழாமல் தூங்கத் தொடங்கியிருந்தானே, அதனாலா, அவளுக்கு இன்றும் தெரியாது. டாக்டரம்மா பிறகு கேட்டபோதும், "தெரியல டாக்டர், ஆனா அந்த மாத்திரை எனக்கு வேண்டாம்" என்றுதான் சொன்னாள். அந்த மதியம் ஆராய்ந்துகொண்டு நிற்கும் பொறுமை அவளுக்கு இல்லை. பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். முன்னறைக்குப் போய், பட்டப்பகலில் ஷட்டரைத் தரை வரைக்கும் இறக்கினாள்.

சற்று நேரத்தில் வெளியே யாரோ தட்டினார்கள். "கண்ணாடிக்காரரே, உள்ள இருக்கீங்களா?"

"இல்ல!" என்று உள்ளேயிருந்து கத்தினார், வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடமும் பொய் சொல்லாத அந்த மனிதர்.