தழைக்குவியலில் இடப்பக்கம்

சிலமலை பஸ்சில் ராஜாராம் துக்கம் கேட்கப் போகிறவன் மாதிரிதான் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உண்மையில் அவன் போனது ஒரு புத்தகத்தை யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்துவிட. கூட்டாளி பேச்சிமுத்து செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

போடியில் ராஜாராம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தான். எண்பத்திரண்டில், கப்பலில் வேலை பார்க்கும் அவன் சித்தப்பா மகன் ஒரு விசித்திரமான விளையாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். காயும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஒருவன் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். பிழைத்தானா செத்தானா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகமுள்ள பகடைக்குப் போடியில் எங்கே போவது? பவுடர் டப்பாவில் இருபது சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், உறை போட்ட மெஷின்களுக்கு நடுவே, மீசை முளைத்த மூன்று தடியன்கள் ராஜாராமின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளைக்காரன் கோட்டையும் பனியும் ராஜாராமுக்கு ஒட்டவில்லை. அந்த விளையாட்டுக்கென்று நம் ஊர்ச் சாயலில் நாடு ஒன்றைத் தானே உண்டாக்கினான். முகில்நாடு. வழிகள், ஊர்கள், பேய்கள், காவல் தெய்வங்கள் எல்லாமாகத் தொண்ணூறு பக்கம் டைப் அடித்தான். வரைபடம் அச்சு அசலாகக் குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் சரிவு. அந்தச் சரிவில் ராஜாராம் ஐயா ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் பாதி தூரம்.

கழுதையில் லோடு ஏற்றும் ஜக்கையன்தான் அன்றைக்குக் கூட்டிப்போனார். பாதையோரம் பச்சைத் தழை குவிந்து கிடந்ததைப் பார்த்து, "இது என்னண்ணே?" என்று கேட்டான் ராஜாராம்.

"தழைச்சாமிப்பா. ஒரு கொப்பை ஒடிச்சுப் போட்டுட்டு வெரசா வா" என்றார் அவர், நடையை நிறுத்தாமல்.

இவனும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், பாவி. அவன் டைப் அடித்த புத்தகத்தில் அது இப்படி ஆனது: 'தழைக்குவியல் உள்ள இடம் வழிச்சாமியின் காவலில் உள்ளது. அங்கே இடப்பக்கம் இறங்குகிறவன் பத்திரமாகக் குறுக்குவழியில் போய்ச் சேருவான்.'

ஆளுக்கொரு கார்பன் பிரதி. மூன்றாவது பிரதி பேச்சிமுத்துவுக்கு. மலையேறாத சிலமலைக்காரன். ஆனால் முகில்நாட்டில் நாற்பது தடவையாவது தழைக்குவியலில் இடப்பக்கம் இறங்கியிருப்பான். ஒரு தடவைகூட அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை.

இந்த ஐப்பசியில் அவனுக்கு ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்தது. முதல் நாளே தனியாக ஏறினான். மழை, கண்ணை மறைக்கும் மூடுபனி. மறுநாள் அவனைப் பள்ளத்துப் பாறையிடுக்கிலிருந்து எடுத்தார்கள்.

சுடுகாட்டில் ஜக்கையன் மாய்ந்து மாய்ந்து சொன்னார். "தழை கெடக்குற எடமெல்லாம் ஆளு விழுந்து செத்த எடம்ப்பா. தழையப் போட்டுட்டு ஒதுங்கித்தான போவாக. இவன் ஏன் அங்கன போயி எறங்குனான்?"

ஊரே அதைத்தான் கேட்டது. பதில் தெரிந்த ராஜாராம் வாயைத் திறக்கவில்லை. பயம், வேறொன்றுமில்லை.

பேச்சிமுத்துவின் அம்மா குருவம்மாள் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஆத்தா, அவன்ட்ட என் பொஸ்தகம் ஒண்ணு இருக்கு. வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இதான அப்பு?" மகனின் பையிலிருந்து எடுத்தாள். மழையில் நனைந்து காய்ந்து உப்பியிருந்தது. "மலைக்கும் கொண்டு போயிருக்கான். ஞாயித்துக்கெழமையானா இதையத் தூக்கிக்கிட்டுல்ல ஓடுவான். எனக்கு எழுத்து தெரியாது. இந்தா, ஒரு எடத்துல மடிச்சு வச்சிருக்கான். அத மட்டும் வாசிச்சுக் காட்டிட்டுக் கொண்டு போ."

மடித்திருந்தது அந்தப் பக்கம்தான். அவளுக்கா தெரியப்போகிறது? "முகில்நாட்டில் ஏழு ஊர்கள் உண்டு" என்று ராஜாராம் இல்லாததைச் சொல்ல ஆரம்பித்தான். தூரத்திலிருந்து மகன் போட்ட கடுதாசியைக் கேட்கிறவளைப் போல அவள் முகத்தைச் சாய்த்துக் கேட்டாள். அதை அவனால் தாங்க முடியவில்லை. நிறுத்திவிட்டு, தாளில் இருந்ததை இருந்தபடி வாசித்தான்.

குருவம்மாள் கையை நீட்டி அந்த மடிப்பைத் தடவினாள்.

"அங்க எடப்பக்கம் ஒண்ணுமே இல்லையேப்பு. தழை போடக் கூட்டிட்டுப் போனாக, நான் பாத்தேன். வெறும் பள்ளம்." பிறகு கேட்டாள்: "இத எவன் எழுதுனது?"

"நாந்தான் ஆத்தா."

அவள் அடிப்பாள் என்று காத்திருந்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தன பக்கம்?"

"தொண்ணூறு."

"மொதல்ல இருந்து வாசி. எம்புள்ள எங்கெங்க நடந்தான்னு நான் கேக்கணும். முடிக்காம எந்திரிக்கக் கூடாது."

ராஜாராம் முதல் பக்கத்துக்குத் திரும்பினான். ஈரத்தில் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தான். அவன் எழுதியிருந்த நாட்டில் எல்லா ஊருக்கும் வழி இருந்தது. எல்லா வழியிலும் தழைக்குவியல் இருந்தது. அவன் இடப்பக்கம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், கதை கேட்கிறவளாகக் குருவம்மாள் "ம்" கொட்டினாள்.