நடு ஆற்றில் நிற்கும் படகு

மார்ச் பதினான்காம் தேதி, சனிக்கிழமை காலை, நான்காவது மாடி வீடு ஒன்றின் கூடத்தில், டி.வி.க்கு அடியில் இருந்த கையளவு கணினியில் எமுலேட்டர் புதிய பதிப்புக்கு மாறியது.

பொத்தானை அழுத்தியவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அந்த வீட்டு அக்காவின் தம்பி. அக்காவின் கணவர், அதாவது அவனுடைய அத்தான், அப்போது சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அவர் டம்ளர்களோடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெற்றிகரமாகப் புதுப்பிக்கப்பட்டது என்று திரை சொன்னது. தம்பிக்கும் ஒரு காரியத்தை முடித்த திருப்தி. அத்தானிடம் சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தும்மியதையெல்லாம் யார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

அக்கா கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் நர்ஸ். ஒருமுறை போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாள். அதற்குள் அவளுடைய கேம்களையெல்லாம் ஒழுங்காக அடுக்கிவைத்துவிட வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவர். வலது கண் லென்ஸை இடது கண் பெட்டியில் யாராவது போட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது அவருக்கு. அக்காவோ நேர்மாறு. சின்ன வயதிலிருந்து பழைய கேம் கேசட்டுகளாகத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவள், அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றிய பிறகு மூன்றே மூன்று ஃபோல்டர்களுக்குள் திணித்து வைத்திருந்தாள். ஒரு ஃபோல்டரின் பெயர் 'சும்மா'. அடுத்தது 'பாக்கணும்'. மூன்றாவது 'இதுவும்'.

பழைய கேம் மெஷின்கள் எப்போதோ பழுதாகிப் பரணுக்குப் போய்விட்டன. அந்த மெஷினைப் போலவே நடிக்கிற நிரல்தான் எமுலேட்டர். கேசட்டில் இருந்ததைக் கோப்பாகக் கொடுத்தால், தான் அதே பழைய மெஷின்தான் என்று கேமை நம்பவைத்துவிடும். இப்படி நாலைந்து எமுலேட்டர்களையும் அவற்றுக்குரிய கேம்களையும் அட்டைப் படத்தோடு வரிசையாக டி.வி.யில் காட்டுவதற்கு இன்னொரு நிரல் இருக்கிறது. ஃப்ரண்ட்எண்ட் என்பார்கள். இந்த வீட்டில் அதற்கு அலமாரி என்று பெயர்.

அன்று காலை முழுக்க இருவரும் அலமாரியோடு மல்லுக்கட்டினார்கள். ஒவ்வொரு கேமுக்கும் அட்டைப் படத்தை இணையத்திலிருந்து தானே தேடிக் கொண்டுவரும் வசதி அதில் உண்டு. அது மீன் பிடிக்கும் கேமுக்கு மல்யுத்த வீரன் படத்தைப் போட்டது. வாத்து சைக்கிள் ஓட்டும் கேமுக்குப் படமே இல்லை என்று கையை விரித்தது. அத்தான் ஒரு காகிதத்தில் வாத்து வரைந்து, அதை ஃபோனில் படம் பிடித்து ஏற்றினார். வாத்தைவிடத் தேநீர்க் கெண்டியின் சாயல்தான் அதில் கூடுதலாக இருந்தது. தம்பி அதைச் சொல்லவில்லை. ஒரே கேம் மூன்று இடத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எந்த மெஷினின் கேம் என்று பிரிப்பதா, வந்த வருடப்படி பிரிப்பதா என்று டீ ஆறும்வரை வாக்குவாதம் நடந்தது. அக்காவுக்கு வருடமாவது மெஷினாவது, வந்ததும் அந்த வாத்து எங்கே என்றுதான் கேட்பாள் என்றான் தம்பி. அப்படியானால் அகர வரிசைதான், 'வா' எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்று அத்தான் தீர்ப்பு சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, வேலை முடிந்த மகிழ்ச்சியில், அத்தான் படகு கேமைத் திறந்தார்.

அந்தக் கேம்தான் அந்த வீட்டின் உயிர். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டியது. ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும், இன்னொருவர் துடுப்பு போட வேண்டும். மலையில் தொடங்கும் ஆறு கடலில் முடிகிற வரைக்கும் ஊர் ஊராகச் சரக்கு இறக்கிக்கொண்டே போக வேண்டும். அத்தானுக்கு வேறு எந்தக் கேமும் தெரியாது. இதிலும் அவருக்குத் தெரிந்தது துடுப்பு மட்டும்தான். அக்கா வீட்டில் இருக்கும் நாட்களிலெல்லாம் இரண்டு பேரும் கூடத்துக் கட்டிலில் சாய்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றைக் கடந்திருந்தார்கள். கடலும் கலங்கரை விளக்கமும் தூரத்தில் தெரிகிற இடத்துக்கு வந்தபோது, வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டது. அக்கா அப்படியே நடு ஆற்றில் படகைச் சேமித்துவிட்டு எழுந்தாள். நான் வருகிற வரைக்கும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டாள்.

அத்தான் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான். திறந்ததும் தண்ணீர் ஓடத் தொடங்கும். படகு அசையத் தொடங்கியதும் சேமிக்காமல் மூடிவிடுவார்.

இப்போது சேமிப்பைக் காட்டும் பக்கத்தில் படம் இருந்தது. நடு ஆறு, படகு, அதில் விரல்நக அளவில் இரண்டு ஆட்கள். அழுத்தினால் திரை கறுத்தது. இந்தச் சேமிப்பு வேறு பதிப்பில் செய்யப்பட்டது, திறக்க இயலாது என்று ஒரு வரி வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே வரி.

அத்தான் ரிமோட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“மச்சான், நீ எதையாச்சும் மாத்தினியா?”

“சின்னதா ஒரு அப்டேட், அத்தான். அதுவா கேட்டுச்சு, சரின்னு கொடுத்தேன்.”

“கேட்டா கொடுத்துடுவியா?”

தம்பி வேலைபார்க்கும் கட்டடங்களிலெல்லாம் காவலாளிகளுக்கு அவன் நடத்தும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்டில் கை வைக்காதீர்கள். அதற்காக மஞ்சள் அட்டைகூடப் பையில் வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவன் அக்கா வீட்டில் வந்து, ஓடிக்கொண்டிருந்ததில் கை வைத்திருந்தான்.

விஷயத்தை அத்தானுக்கு விளக்கினான். சேமிப்பதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கேமே தருகிற வழி. படகைத் துறையில் கட்டிவிட்டு, அங்கே இருக்கும் பதிவாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அப்படிச் சேமித்தால் எமுலேட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்று எமுலேட்டரின் குறுக்குவழி. எந்த நொடியில் வேண்டுமானாலும் அப்படியே உறையவைத்துவிடலாம். ஆனால் உறையவைத்த அதே பதிப்புதான் அதை உருக்கவும் வேண்டும். துறைக்குப் போக அக்காவுக்கு எப்போதும் சோம்பல். எல்லாமே குறுக்குவழி. துறையில் கடைசியாகச் சேமித்தது எது என்று பார்த்தார்கள். அதில் படகே இன்னும் வாங்கவில்லை. இரண்டு பேரும் மலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

“பரவால்ல, விடு,” என்றார் அத்தான்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தம்பிக்குத் தேவலையாக இருந்திருக்கும். அத்தான் எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிவைத்த டம்ளர்களை மறுபடி கழுவினார்.

பழைய பதிப்புகளெல்லாம் இணையத்தில் கிடைக்கத்தான் செய்தன. அதுதான் சங்கடமே. எழுதியவர்கள் வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டுத் தள்ளியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், வால் எண் மட்டும் வேறு. இந்தக் கணினியில் இருந்த எண் எது என்று யாரும் எழுதிவைக்கவில்லை, புதியது வந்ததும் பழையது தன் தடயத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. தம்பி ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டுப் பார்த்தான். ஒவ்வொன்றும் திரையைக் கறுப்பாக்கி அதே வரியைச் சொன்னது. இருட்டியதும், போய் நாளைக்கு வா என்று அத்தான் அனுப்பிவைத்தார். அனுப்பும்போது ஒரு டப்பாவில் மீந்த சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. பின்னால் காற்று இரைந்தது. ஊர்ப்பட்ட விஷயமெல்லாம் பேசினாள். மேடைச் சமையல்காரர் விரலை வெட்டிக்கொண்டார், இவள் தையல் போட்டாள், அதற்கு நன்றியாக அவர் அனுப்பிய சூப்பை வாயில் வைக்க முடியவில்லை. கடைசியில், வாரா வாரம் கேட்பதையே கேட்டாள்.

“படகு எங்க நிக்குது?”

அத்தான் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தான்.

“அங்கயேதான் நிக்குது,” என்றார் அத்தான்.

யோசித்துப் பார்த்தால் அது பொய் இல்லை. படகு அங்கேயேதான் நின்றது. நம்மால்தான் அங்கே போக முடியவில்லை.

“இந்த வாரம் ஃபோட்டோவே வரலையே? ஆத்துல விட்டுட்டியா?”

இப்போதே அனுப்புகிறேன் என்று சொல்லி அத்தான் ஃபோனை வைத்தார். வைத்துவிட்டுப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். போன வாரத்துப் படத்தையே மறுபடி அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாய்க்குள் முனகினார். தோளுக்கு மேலாகத் தம்பி எட்டிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக டி.வி.யை எடுத்த படங்கள். எல்லாம் ஒரே படம். ஒரே ஆறு, ஒரே படகு. வித்தியாசம் என்று பார்த்தால், ஒன்றில் டி.வி.மேல் அத்தானின் துவைத்த பனியன் காய்ந்துகொண்டிருந்தது.

“படகைத் திறந்து எடுக்காம, இந்தச் சின்னப் படத்தையே ஏன் அத்தான் எடுக்கறீங்க?”

“திறந்தா நகர்ந்துடுமே மச்சான். அவ விட்ட இடத்துலல்ல காட்டணும்.”

தம்பி ஃபோனை அவர் கையிலிருந்து பிடுங்கினான். திறப்பதற்கு முந்தைய பக்கம். அந்தப் பக்கத்தின் இடது மூலையில், பொடி எழுத்தில், எமுலேட்டர் தன் பெயரையும் வால் எண்ணையும் எப்போதும் எழுதிவைத்திருக்கும். தம்பி படத்தை விரித்தான். பனியன் இருந்த வாரத்தில் கை நடுங்கியிருந்தது, எண் தெரியவில்லை. அதற்கு அடுத்த வாரம் தெளிவாக இருந்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கடையில் லென்ஸ் எண்ணைப் படிக்கிற அதே குரலில் ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். தம்பி தட்டினான்.

இந்த முறை அவன் அவசரப்படவில்லை. முதலில் அந்தச் சேமிப்பைப் பென் டிரைவில் ஒரு பிரதி, தன் ஃபோனில் ஒரு பிரதி எடுத்தான். அதற்குப் பிறகுதான் பழைய பதிப்பைப் போட்டான். அழுத்தும் வேலையை அத்தானிடம் விட்டான்.

திரை கறுத்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஆறு வந்தது, படகு வந்தது, தூரத்தில் கலங்கரை விளக்கம் ஒருமுறை மினுக்கியது. படகு மெல்ல இடப்பக்கம் சாயத் தொடங்கியது.

“மூடு, மூடு,” என்றார் அத்தான். சேமிக்காமல் மூடினார்கள்.

அப்போதுதான் தம்பி அந்த யோசனையைச் சொன்னான். அந்தக் கலங்கரை விளக்கத்தடியிலேயே துறை இருக்கிறது. இவன் சுக்கான் பிடித்தால், அத்தான் துடுப்பு போட்டால், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் அங்கே போய்ப் பதிவாளரிடம் சேமித்துவிடலாம். அதற்குப் பிறகு எந்த அப்டேட் வந்தாலும் பயமில்லை. மெக்கானிக் மூளைக்கு அது சரியான யோசனைதான். இல்லாவிட்டால் இந்தப் பழைய பதிப்பை வெள்ளிக்கிழமைவரை கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டும்.

அத்தான் ரிமோட்டை டி.வி.க்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

“சுக்கான் அவளோடது மச்சான்,” என்றார்.

தம்பி அப்டேட் வசதியை எங்கெங்கே அணைக்க முடியுமோ அங்கெல்லாம் அணைத்தான். பிறகு பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தான். 'வேலை நடக்கிறது. பொத்தானை அழுத்தாதீர்கள்' என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதைக் கணினியின் கழுத்தில் மாட்டினான். அத்தான் அந்த அட்டையோடு சேர்த்து அந்த வாரப் படத்தை எடுக்கப் பார்த்தார். தம்பி அலறி, அட்டையைக் கழற்றிவிட்டு எடுக்கச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். பையை வாசலில் போட்டாள், செருப்பைக் கழற்றினாள், கூடத்துக்குள் வந்ததும் நின்றாள். இரண்டு ஆண்களும் அட்டையை எடுக்க மறந்துபோயிருந்தார்கள்.

“தம்பி இதுல கை வச்சானா?”

அத்தான் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது மச்சானின் பழியைக் குறைத்தும் தன் பதற்றத்தை மறைத்தும் சொன்னார். தம்பி குறுக்கே புகுந்து இரண்டையும் திருத்தினான். அக்கா முழுவதையும் கேட்டாள். துறைக்குப் போயிருக்கலாமே, ஏன் போகவில்லை என்று கேட்டாள். தம்பிதான் சொன்னான், அத்தான் சொன்ன அதே வார்த்தையில்.

அக்கா கணவரைப் பார்த்தாள்.

“லூசு,” என்றாள். கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். “துடுப்பை எடு.”

படகைத் துறைக்குக் கொண்டுபோகும்போது அவள் அதைக் கரையில் இரண்டு முறை மோதினாள். கலங்கரை விளக்கத்தடியில் பதிவாளர் சேமிக்கலாமா என்று கேட்டார். சேமித்தார்கள். தம்பி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த வாரம் அவன் வந்தபோது அகர வரிசை கலைந்திருந்தது. அலமாரியில் 'சும்மா' என்று ஒரு பிரிவு புதிதாக வந்திருந்தது. வாத்து அதில் முதலாவதாக இருந்தது. அப்டேட் அணைத்தபடியே இருந்தது.