அபிநந்தன் சொல்ல வந்த வாக்கியம்

1.

இந்தக் கதை ஒரு தம்ளர் தண்ணீரில் பிறந்தது. 1976இல் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மாடியில் பூகம்பம் பற்றி ஒரு கூட்டம். பேச வந்தவர் புவி இயற்பியலாளர். பாறைக்கு வைத்தியம் பார்ப்பவர் என்று தலைவர் அறிமுகம் செய்தார் (எங்கள் ஊர்த் தலைவர்களுக்கு உவமை இல்லாமல் வாய் திறக்காது). கொய்னா அணை நிரம்பிய பிறகு அங்கே நிலம் ஆடியதையும், அமெரிக்காவில் ஆழ்கிணறு ஒன்றுக்குள் கழிவுநீரை அழுத்திச் செலுத்திய ஊரில் நிலம் ஆடியதையும் அவர் சொன்னார். கடைசி வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்: "அப்போ மனுசனே பூகம்பத்த உண்டாக்க முடியுமா சார்?"

அவர் தம்ளரை எடுத்து முழுவதையும் நிதானமாகக் குடித்தார். வைத்துவிட்டு, "அடுத்த கேள்வி" என்றார்.

அவரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. கீழே வருவதெல்லாம், அபிநந்தன் என்று அவருக்கு வைத்த பெயர் உட்பட, அந்தத் தம்ளர் காலியான நேரத்துக்குள் நான் இட்டுக்கட்டியது. அவர் படித்துவிட்டு வழக்குப் போட்டால் போடட்டும்.

2.

முதல் தொடக்கம்: "மண்ணைத் தோண்டினால் மண்ணில் இருக்கும் உயிர் நோகும் என்று கேட்டு வளர்ந்த சமணர் அபிநந்தன், மண்ணைத் துளைக்கும் உத்தியோகத்துக்கே போய்..."

[நிறுத்திவிட்டேன். இந்த இடத்தில் வாசகர் உச்சுக் கொட்டுவார், கதை அங்கேயே படுத்துவிடும். மாகறல் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை என்பது இருக்கட்டும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார் என்பதும் இருக்கட்டும். அதற்கு மேல் அவர் பிறப்பை வைத்துப் பிழைக்க மாட்டேன்.]

இரண்டாவது தொடக்கம் பரவாயில்லை. 1974 கோடை. இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. ஐயம்பேட்டையை ஒட்டிய ஒரு நெசவுத் தெருவுக்காக ஏரிக்கரையில் ஆழ்துளை போட்டார்கள். அறுநூறு அடி போயும் ஈரமில்லை, கெட்டிப் பாறை. அபிநந்தன் ஒரு வழி சொன்னார். துளையை அடைத்து, லாரியில் கொண்டுவந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் உள்ளே செலுத்தினால் பாறை விரியும்; அந்த விரிசல் வழியே எங்கோ தேங்கிய நீர் வந்து சேரும். குடிக்கவே இல்லாத ஊரில் இருக்கிற தண்ணீரை மண்ணுக்குள் விடுகிறானே என்று பெண்கள் வாயார ஏசினார்கள்.

ஆபத்து அவருக்குத் தெரியுமா? தெரியும். அழுத்தப்பட்ட நீருக்கும் நில நடுக்கத்துக்கும் உள்ள உறவுதான் அவருடைய ஆராய்ச்சியே. நிலநடுக்கமானி ஒன்று வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். முதலில் தண்ணீர் வரட்டும், கருவி பிறகு வரும் என்று பதில் வந்தது. அவர் காத்திருந்திருக்கலாம். காத்திருக்கவில்லை. [இங்கே அவரைக் காப்பாற்ற ஒரு காரணம் எழுதினேன். எனக்கே நம்பிக்கை வராததால் அடித்துவிட்டேன்.]

3.

நான்கு நாள், தினமும் காலை பதினோரு மணிக்குப் பம்பு ஓடியது. நேரத்தையும் அழுத்தத்தையும் அபிநந்தன் குறிப்பேட்டில் எழுதினார். நான்காம் நாள் பதினொன்றரைக்கு அழுத்தமானியின் முள் சட்டென்று கீழே விழுந்தது. பாறை பிளந்துவிட்டது.

"தண்ணி ஏறிக்கினு வருது சார்," என்றான் பம்பு ஓட்டிய பழனி.

அதே நேரத்தில் தெருவில் ஒரு வீட்டின் மண்சுவர் சரிந்தது. சுவரோரம் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்த தையல்நாயகி செத்துப்போனாள். முப்பத்திரண்டு வயது.

(நிலவியல் படித்த நண்பர் இதைப் படித்துவிட்டு, இவ்வளவு தண்ணீருக்கு இவ்வளவு ஆட்டம் வராது என்றார். வரவே வராதா என்றேன். "ஏற்கெனவே இறுகி நிற்கிற பாறையாக இருந்தால்..." என்று இழுத்தார். அந்த இழுப்பில்தான் என் கதை நிற்கிறது.)

விசாரிக்க வந்த அதிகாரி காரணத்தைச் சுலபமாகக் கண்டுபிடித்தார். தறிக்குக் கீழே மிதியை மிதிப்பதற்காக நெசவாளி குழி தோண்டி, அதற்குள் காலை விட்டுத்தான் உட்காருவான். தையல்நாயகியின் கணவன் திருஞானசம்பந்தம் அந்தக் குழியைச் சுவரை ஒட்டித் தோண்டியிருந்தான். சுவரின் அடி தளர்ந்ததற்கு அதுவே காரணம் என்று எழுதிவிட்டுப் போனார். பெண்டாட்டியைக் கொன்றவன் என்று தெருவில் யாரும் அவனைச் சொல்லவில்லை. அவனே சொல்லிக்கொண்டான்.

(அபிநந்தனுக்கு 'அவர்', சம்பந்தத்துக்கு 'அவன்'. என் பேனா தானாகவே போட்டது. மாற்றிப் பார்த்தால் யார் யாரென்று குழம்புகிறது. வெட்கத்தோடு அப்படியே விட்டிருக்கிறேன்.)

அபிநந்தன் சுவர் விழுந்த நேரத்தைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குறிப்பேட்டில் நேரம் இருக்கிறது, நிரூபணம் இல்லை. சொன்னால் துளையை மூடிவிடுவார்கள். தெருவே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, சம்பந்தம் உட்பட. சொல்லாவிட்டால் ஒரு மனிதன் தான் செய்யாத கொலையைச் சாகும்வரை சுமப்பான். துளை போனால் போகட்டும் என்று தீர்மானித்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனார்.

4.

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறார், சம்பந்தம் அழுகிறான், அவன் மனபாரம் இறங்குகிறது. எழுதி முடித்ததும் எனக்கே இனித்தது, கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வாசல்வரை போய்விட்டுத் திரும்புகிறார். அந்தக் கோழைத்தனம் அவருடையதா என்னுடையதா என்று தெரியாததால் அதையும் கிழித்தேன்.

மூன்றாவதை எழுதும்போது சம்பந்தம் என்னைக் கேட்காமலே பேசத் தொடங்கிவிட்டான்.

"வாங்க சார், ஒக்காருங்க. எல்லாம் அந்தக் குழிதான். ஒரு மொழம் தள்ளித் தோண்டியிருந்தா அவ இருந்திருப்பா."

அபிநந்தன் வாயெடுப்பதற்குள் சம்பந்தமே தொடர்ந்தான்.

"ஒண்ணு மட்டும் வெளங்கல சார். அந்த வாரமே தறி சரியில்ல. மூணு நாளு, பதினோரு மணிக்கு மேல ஆச்சின்னா குழியில காலு நடுங்குது. பாவு நூலு அதிருது. அடி தப்பிப்போயி சேலையில ஒரு கோடு வுழுது. மொதலாளி கண்ணுல கோடு பட்டா அந்தச் சேலை ஆவாது. நான் இன்னா பண்ணேன், மூணு நாளும் பொறுமையா பிரிச்சி எடுத்துட்டுத் திருப்பி நெய்ஞ்சேன். இப்ப நீங்க தேடினாலும் எந்த எடம்னு தெரியாது."

"மத்த தறிக்காரங்களைக் கேட்டீங்களா?"

"கோடு வுழுதுன்னு எவன் சார் வெளிய சொல்லுவான்? அவங்களும் பிரிச்சாங்களோ இன்னாவோ. நாயகி கேட்டா, இன்னாயா தெனம் பிரிச்சிக்கினே கீறேன்னு. காலுல வலுவு கொறஞ்சிபோச்சி, நீ தாரச் சுத்து புள்ளன்னு சொன்னேன்."

அபிநந்தன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று நாள், மூன்று நேரம், மூன்றும் அவர் குறிப்பேட்டில் இருந்தன. மேலிடம் அனுப்பாத கருவியின் வேலையை இந்த மனிதனின் கால்கள் செய்திருந்தன. கால் அறிந்ததைத் துணி எழுதிக்கொண்டது. நல்ல நெசவாளி எவனும் செய்வதைத்தான் இவனும் செய்து அதை அழித்துவிட்டான்.

இப்போது உண்மையைச் சொன்னால் குழி செய்த பாவம் அவனைவிட்டுப் போகும். அடுத்த நிமிடமே அவன் அந்தக் கோடுகளை நினைப்பான். மண் மூன்று தடவை சொன்னதைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டுவிட்டு, நான்காம் நாளும் அவளைச் சுவரோரம் உட்காரவைத்ததை நினைப்பான். குழியாவது தெரியாமல் தோண்டியது. கோட்டைப் பிரிக்கும் திறமை அவனுடைய ஒரே பெருமை.

5.

இந்த இடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டேன். அபிநந்தனை எழுப்பி வெளியே அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், அதற்குள் அவர் பாதி வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்.

"சம்பந்தம், சுவர் விழுந்தது உங்க குழியால இல்ல. அது..."

சம்பந்தம் நிமிர்கிறான். பதினேழு நாளில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை நேராகப் பார்க்கிறான்.

"இல்லியா சார்?" என்கிறான். "அப்ப எதால?"

நான் பேனாவை மூடிவிட்டேன். அடுத்த வரி உங்களுடையது. யோசித்து எழுதுங்கள், ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். பதில் வரும்வரை அவன் கண்ணை எடுக்க மாட்டான்.